செல்லாவின் பங்கு

என் மகள் செல்லா இந்த வருஷம் மூன்று முறை ஊரைவிட்டுப் போனாள். மூன்று முறையும் பங்காளிகள் அவளைப் பத்திரமாகக் கூட்டி வந்து வாசலில் விட்டுவிட்டுப் போயின. முதல் முறை துப்பட்டாவைக் கவ்வி இழுத்து வந்தன. இரண்டாம் முறை அவள் துப்பட்டா போடாமல் போனாள். பையைக் கவ்வி இழுத்து வந்தன. மூன்றாம் முறை பையும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு போனாள். பதினொரு மிருகங்களும் சுற்றி வளைத்து, அவள் எந்தப் பக்கம் கால் வைத்தாலும் அந்தப் பக்கம் ஒன்று குறுக்கே படுத்து, வீட்டுப் பக்கம் மட்டும் வழி விட்டன. உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

எனக்கு இதில் மிகுந்த வருத்தம். ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் ஊர் ஏழுமடிப்பு மலையின் ஐந்தாம் மடிப்பில் இருக்கிறது. பூமியிலிருந்து கிளம்பி இந்தக் கிரகத்தில் வந்து இறங்கிய எங்கள் முன்னோர்களுக்குக் கடலோரமாக நல்ல சமவெளி காத்துக் கிடந்தது. ஆடு வளர்க்க மலைதான் தோது என்று அதை விட்டுவிட்டு மேலே ஏறி வந்த புத்திசாலிகள் அவர்கள். வந்த இடத்தில் பார்த்ததற்கெல்லாம் பழைய பெயரையே வைத்தார்கள். ஆறு காலும் மூன்று கொம்பும் உள்ள ஒன்றைக் காட்டாடு என்றார்கள். அந்தக் காட்டாட்டையும், எங்கள் ஆட்டையும், சமயத்தில் எங்களையும் அடித்துத் தின்ற மிருகத்துக்குப் பங்காளி என்று பெயர் வைத்தார்கள்.

பங்காளி கன்றுக்குட்டி உயரம் இருக்கும். சாம்பல் நிற மயிர், ஆறு கால், கடுகளவு கண், முகத்தில் பாதி மூக்கு. கூட்டத்தில் ஒன்று மட்டும் எதிர் மேட்டில் ஏறி நின்று, கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்கும். ஆடு அதையே பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற பத்தும் அதற்குள் பின்னால் வந்திருக்கும். அடித்ததைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொள்ளும். வேட்டைக்கு வர முடியாமல் குகையில் கிடக்கும் கிழட்டுக்கும் நொண்டிக்கும்கூடப் பங்கு போய்ச் சேர்ந்துவிடும். ஒரு வரப்புக்காக மூன்று தலைமுறை முகம் பாராமல் இருந்த எங்கள் ஆட்கள், இந்த ஒற்றுமையைப் பார்த்த ஏக்கத்தில்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, என் அண்ணனைப் பங்காளிகள்தான் கொண்டுபோயின. அவரோடு சேர்த்து ஊரில் பத்தொன்பது பேர்.

ஒன்பது வருஷத்துக்கு முன் துறைமுகத்திலிருந்து டாக்டர் ஜெபநேசன் வந்தார். ஒல்லியான மனிதர். யார் எது சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வார். ஒருமுறை நான் தும்மியதையும் எழுதினார். அவருடைய முன்னோர்கள் பூமியில் தென்கோடிக்காரர்களாம். அந்தப் பேச்சை அவரும் விடவில்லை.

"அண்ணாச்சி, வேலி போட்டுப் பாத்தியள், வெடி வச்சுப் பாத்தியள். அது ரெண்டும் அதுக்கிட்ட நடக்காது," என்றார். "அதுக்குக் கண்ணு தெரியாது, மூக்குதான் எல்லாம். தன் கூட்டத்து வாசம் அடிச்சா கடிக்காது. அந்த வாசத்தை உங்க வேர்வையில வர வச்சிருதேன். ஒரே ஒரு ஊசி."

"அப்புறம் அதுக எங்களைக் கடிக்காதுங்களா?"

"எப்படிக் கடிக்கும்? நீங்களும் பங்காளி ஆயிருவியள்லா?"

ஊரில் நாற்பத்து மூன்று பேரும் போட்டுக்கொண்டோம். மறுநாள் காலை கதவைத் திறந்தால், ஒவ்வொரு வாசலிலும் காட்டாட்டுக் கறி. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டு. ஊரே வெலவெலத்துப் போனது. ஊர்ப் பெரியதனம் செய்யும் கொத்துக்காரர் நாச்சிமுத்து மட்டும் பத்து மணிக்குள் குழம்பு வைத்துவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம், வாரம் ஒரு தடவை பங்கு வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் வாசலில் மூன்று துண்டு: எனக்கு, என் வீட்டுக்காரி பாவாத்தாளுக்கு, செல்லாவுக்கு. ஒன்பது வருஷமாக ஊரில் ஓர் உயிர் போகவில்லை. ஜெபநேசன் தன் அறிக்கையில் 'பக்கவிளைவு: எடை கூடுதல்' என்று எழுதினார்.

இப்படி நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் செல்லாவுக்குக் கடிதம் வந்தது. துறைமுகத்தில் கலம் ஓட்டும் பயிற்சிக்கு அவளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு மேலே சுற்றும் இரண்டு நிலாக்களுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் கலம். பாதிப் பயிற்சி நிலாவிலேயே; போனால் முடித்துத் திரும்பி வர இரண்டு வருஷம். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு நான்கு வருஷம் கழித்து. அப்போது அவளுக்கு வயது தாண்டிவிடும்.

எங்கள் மலையில் அடிக்கிற காற்றுக்கு எந்தக் கலமும் வந்து இறங்காது. அரை நாள் நடந்தால், மலைச்சரிவில் கம்பிவடம் இழுக்கும் விஞ்ச் வண்டி நிற்கும் இடம் வரும். அதில் ஏறினால் துறைமுகம். அந்த அரை நாள் வழியில்தான் மூன்று முறையும் அவளை மறித்துத் திருப்பின.

மூன்றாவது முறை அவள் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன்.

"போனாப் போகுது அம்மிணி. இங்கயே ஆட்டாஸ்பத்திரியில வேலை காலியா இருக்குது."

பாவாத்தாள்தான் உள்ளேயிருந்து பேசினாள்.

"ஆறுதல் சொல்ற மூஞ்சியப் பாரு. பொங்கல் வெச்ச மாதிரி இருக்குது."

கொத்துக்காரர் ஊரைக் கூட்டினார். அவர் ஜெபநேசனின் பழைய அறிக்கை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அவருக்கு அதில் படம் போட்ட பக்கங்கள் மட்டும் நன்றாகப் புரியும்.

"விசயம் இதுதானுங்க. பங்காளிக் கூட்டத்துல ஒரு பொட்டைக் குட்டி வெளிய போகோணும்னா, இன்னொரு கூட்டம் வந்து கூட்டிட்டுப் போகோணும். அவிய சும்மா வரப்படாது, கறி கொண்டாரோணும். அப்பத்தான் இவிய விடுவாங்க. நம்ம செல்லாளைக் கேட்டு யாராச்சும் வந்தாங்களா? வரலை. பொறவு எப்படி விடும்? பங்காளிக்கும் ஒரு மொறை இருக்குதில்ல?"

"படிக்கப் போறதுக்குப் பொண்ணு கேட்டு வரோணுமாக்கும்?" என்றாள் செல்லா.

"கோவிச்சுக்காத கண்ணு. மொறை மொறைதான்."

"உங்க பையன் போனப்ப யாரு வந்து கேட்டாங்க?"

"அவன் ஆம்பளை. தானாப் போவான்."

கொத்துக்காரரின் மகன் ஊரில் செய்யாத சேட்டை இல்லை. அவன் விஞ்ச் ஏறிய அன்று கொத்துக்காரர் தெருவுக்கே பாயசம் போட்டார். பங்காளிகள் பாறையில் படுத்துக்கொண்டு அவன் போவதை வேடிக்கை பார்த்தன.

"சரிங்க, டீச்சரக்கா மாத்தல் ஆகிப் போனாங்களே? அவங்க பொண்ணுதானே? அவங்களைக் கேட்டு யாரு வந்தாங்க?"

டீச்சரம்மா எங்கள் ஊரில் ஒண்டியாக இருந்தவர். யாரோடும் ஒட்டுதல் இல்லை. அவரையும் பங்காளிகள் சீண்டவில்லை. செல்லாவின் கேள்விக்கு யாருக்கும் பதில் தெரியாததால், கூட்டம் கலைந்து எல்லோரும் சீர் ஏற்பாட்டில் இறங்கினோம்.

ஜெபநேசனுக்கு ஆள் அனுப்பினோம். அவரும் நெற்றியைச் சொறிந்துகொண்டு, செய்து பார்ப்பதில் தப்பில்லை என்றார். அடுத்த வாரம் துறைமுகத்திலிருந்து முறைப்படி பெண் கேட்க விருந்தாளிகள், எங்கள் பேச்சில் ஒறம்பரை, வந்தார்கள். பயிற்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியை ரோஸ்லின் மேடம், இரண்டு பயிற்சியாளர்கள், ஒரு சமையல்காரர். நான்கு பேருக்கும் வேறொரு கூட்டத்து வாசத்தில் ஊசி போட்டுக் கூட்டி வந்திருந்தார் ஜெபநேசன். விறைப்பான சீருடை, மார்பில் பதக்கம், கையில் ஆளுக்கொரு தாம்பாளம், தாம்பாளத்தில் கறி. ரோஸ்லின் மேடம் நிலாவுக்கு நாற்பது முறை போய் வந்தவராம். அவர் முகத்தில் அன்றைக்குத் தெரிந்த பயத்தை நிலா பார்த்திருக்காது.

பங்காளிகள் பாறை மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கொத்துக்காரர் முன்னால் நின்று, மிருகங்களைப் பார்த்து, "ஒறம்பரை வந்திருக்காங்க," என்று அறிவித்தார். தாம்பாளங்களை இறக்கி வைத்தோம். பங்காளிகள் இறங்கி வந்து மோந்து பார்த்து, பிரித்து, தின்று முடித்தன. பெரியது ஒன்று ஏப்பம் விட்டது. "சம்மதம் சொல்லிருச்சு," என்றார் கொத்துக்காரர்.

செல்லா என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "வர்றேனுங்கப்பா," என்றாள்.

"மவராசியாப் போயிட்டு வா கண்ணு," என்று வாய் நிறையச் சொன்னேன்.

அவர்கள் இருநூறு அடி போயிருப்பார்கள். பங்காளிகள் எழுந்தன. ரோஸ்லின் மேடத்தையும் மற்ற மூவரையும் ஒதுக்கிவிட்டு, செல்லாவின் சட்டை நுனியைக் கவ்வி, நேராக என்னிடம் கொண்டுவந்து நிறுத்தின. பெரியது என் முகத்தைப் பார்த்து, வேலையை முடித்துவிட்டேன் என்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

அன்று மத்தியானம் ஜெபநேசன் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டியில் ஒரு சின்னக் குழாய், முள் வைத்த ஒரு வட்டம். பாவாத்தாளின் கைக்குட்டையை வாங்கிக் குழாயருகே காட்டினார். முள் லேசாக அசைந்து நின்றது. பிறகு என் தோளில் கிடந்த துண்டைக் கேட்டார். கொடுத்தேன். முள் ஒரே ஓட்டமாக ஓடி, வட்டத்தின் அந்தக் கோடியில் முட்டி நின்றது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க டாக்டர்."

"பங்காளிக யாரையும் புடிச்சு வைக்கதில்ல. நாங்க எல்லாரும் தப்பா நெனச்சிட்டோம். குட்டி எங்கயாச்சும் போயிட்டுன்னா தாய்க்கு மேலெல்லாம் ஒரு வாசம் வரும். தேடுத வாசம். அது வந்தா போதும், கூட்டம் மொத்தமும் எந்திச்சிப் போயி அந்தக் குட்டியைக் கூட்டியாந்திரும். சொன்ன சொல்லு மாதிரி அது அதுகளுக்கு." அவர் துண்டை மடித்து என் மடியில் வைத்தார். "அந்த வாசம் இதுல வருது. கூட்டிட்டு வான்னு சொல்லுதது நீங்கதான் அண்ணாச்சி. அதுக வெறுமனே நீங்க சொன்னதைக் கேக்குது."

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. "நான் ஒண்ணும் சொல்லலைங்களே. போயிட்டு வான்னு வாழ்த்தித்தானே அனுப்பினேன்? ஊரே கேட்டுச்சே."

"வாய் ஒண்ணு பேசுது, வேர்வை ஒண்ணு பேசுது," என்றாள் பாவாத்தாள். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "அதுகளுக்கு மூக்கு மட்டுந்தானே இருக்குது, பாவம்."

"அவ போறாளேன்னு உனக்கு வெசனம் இல்லியா? உம் முள்ளு மட்டும் ஏன் ஓடலை?"

"எனக்கும் வெசனந்தானுங்க. ஆனா போகட்டும்னு ஒரு நெனப்பும் கூடவே கெடக்குது. உங்களுக்கு அது இல்ல."

செல்லா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "நீங்களாங்கப்பா?" என்றாள். அவ்வளவுதான். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. என் அண்ணன் செத்த அன்றுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. நான் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

என் மகளுக்கு நானே பூட்டாக இருப்பது என்று ஆன பிறகு, என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். ஒரு நாளைக்கு ஐந்து தரம் குளித்தேன். சந்தன சோப்பு இரண்டு கட்டி கரைந்தது. ஜெபநேசன் பெட்டியோடு எதிரில் உட்கார்ந்து, அவளைப் பற்றிக் கெட்டதாக நினைத்துப் பாருங்கள் என்றார். சரி என்று, அவள் ஆறு வயதில் என் மூக்குக்கண்ணாடியை ஆட்டுக்கு மாட்டிவிட்டதை நினைத்தேன். பத்து வயதில் கொத்துக்காரரின் வேட்டியை விஞ்சில் கட்டித் துறைமுகத்துக்கு அனுப்பியதை நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முள் இன்னும் மேலே ஏறியது. "அண்ணாச்சி, நிறுத்துங்க, கருவி கெட்டுப்போவும்," என்றார்.

இதற்குள் பெட்டி விஷயம் ஊரில் பரவிவிட்டது. யாரும் தங்கள் துண்டை வெளியில் காயப்போடவில்லை. புருஷன் சந்தைக்குப் போய் நான்கு நாளாகியும் பங்காளிகள் பாறையைவிட்டு எழாத வீடுகளில், திரும்பி வந்தவன் கேள்வி கேட்க ஆரம்பித்தான். கொத்துக்காரரின் மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரே ஒரு வரி: 'அப்படீன்னா நான் போனப்ப உங்களுக்குத் துளி வெசனங்கூட இல்லையாக்கும்?' கொத்துக்காரர் அந்தக் கடிதத்தைப் பலமுறை பிரித்துப் பிரித்துப் படித்தார்.

ஜெபநேசன் என்னிடம் வருத்தப்பட்டார். "உயிரைக் காப்பாத்தணும்னு மட்டுந்தான் நெனச்சேன் அண்ணாச்சி. மனசுல கெடக்கிறதெல்லாம் வெளிய வந்துரும்னு யோசிக்கலையே." நோட்டை எடுத்தார், எதுவும் எழுதாமல் மூடி வைத்துவிட்டார்.

இரண்டு நாள் மிச்சம் இருந்தபோது, சாப்பாடு முடிந்து பாவாத்தாள் ஆட்டுப்பட்டிக்குப் போனதும், அவர் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு நான் தனியாகப் போனேன்.

"டாக்டர், போட்ட ஊசியை எடுக்க ஒரு ஊசி இருக்குதுங்களா?"

"மாத்து ஊசி இருக்கு. போட்டா நாளைக்குக் காலையில உங்க மேல எந்த வாசமும் இருக்காது. தேடுத வாசமும் வராது, கூட்டத்து வாசமும் வராது."

"அப்புறம்?"

"அப்புறம் அதுகளுக்கு நீங்க ஆடுதான் அண்ணாச்சி. கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளயே இருக்கணும். மேய்க்கப் போவ முடியாது. விஞ்ச் வரைக்கும் நடக்க முடியாது. ஒரு தரம் எடுத்துட்டா மறுபடி போட்டாலும் உடம்பு ஏத்துக்கிடாது. சாவுத வரைக்கும் நாலு சுவருதான்."

"பரவாயில்லைங்க. அம்பத்தேழு வயசாச்சு. எத்தனையோ தரம் ஏறி எறங்கின மலைதானே. போடுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, நினைப்பெல்லாம் மலை மேல்தான். காலையில் பட்டியைத் திறந்ததும் ஆடுகள் முட்டிக்கொண்டு வெளியே ஓடும். நாலாம் மடிப்புக்கு மேலே வெயில் அப்போதுதான் விழும். இனி அதை ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்க முடியாது. எங்கள் ஜன்னல் கிழக்குப் பார்த்ததில்லை.

அவர் ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "இன்னொண்ணு. நாளைக்கு செல்லா கெளம்பியே ஆவணும். தாமசிக்கக் கூடாது."

"ஏனுங்க?"

"நாளைக்கோ மறுநாளோ அதுக உங்களை மோந்து பாக்க வரும். வீட்டுக்குள்ள எப்படியாச்சும் புகுந்துட்டுதுன்னு வையுங்க. அதுக வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. அடிச்சா எல்லாருக்கும் பங்கு வைக்கும். செல்லா கூட்டத்து ஆளு. அந்த நேரம் அவ இங்க இருந்தா, அவ பங்கை அவ முன்னால கொண்டாந்து வச்சிரும்."

ஊசி ஏறியதே எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க என் கண்ணுக்கு முன்னால் எங்கள் வாசல்தான் தெரிந்தது. வாசலில் ஒரு துண்டு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற என் பிள்ளை.

செல்லாவிடம் எதையும் சொல்லவில்லை. டாக்டர் ஏதோ மருந்து கொடுத்திருக்கிறார், நாளைக்கு ஒரு தடவை போய்ப் பார் என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பிக்கையில்லாமல்தான் பையைக் கட்டினாள். மறுநாள் காலை அவளை நான் வாசலில் நின்று கும்பிடக்கூட விடவில்லை. வீட்டுக்குள்ளேயே கும்பிட்டுக்கொள் என்றேன். அவள் குனிந்து நிமிர்வதற்குள் தோளைப் பிடித்துத் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"என்னுங்கப்பா, இப்படித் தொரத்தறீங்க?" என்றாள் வெளியிலிருந்து.

"சீக்கிரம் போ. நேரமாச்சு. திரும்பிப் பாக்காத."

ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். பங்காளிகள் பாறையில் கிடந்தன. அவள் அவற்றைத் தாண்டிப் போனாள். ஒன்று தலையைத் தூக்கியது. அவள் நின்றாள், பழக்க தோஷம், எப்படியும் இழுத்துப் போகப் போகிறது என்று பையைக்கூட நீட்டினாள். போ சாமி, போ, நிற்காதே, ஓடு என்று நான் உள்ளே பல்லைக் கடித்தேன். என் பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் என்னைவிட்டு விலகிப் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்த ஒரு காலைதான். மனசில் வேறு எந்த நினைப்பும் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போகும் அளவுக்கு வேர்த்துக் கொட்டியது.

தூக்கிய தலையை அது மறுபடி பாறையில் வைத்துக்கொண்டது.

செல்லா வளைவில் திரும்பிக் கையை ஆட்டிவிட்டு மறைந்தாள். பொழுது சாயும்போது விஞ்சிலிருந்து வானொலியில் செய்தி வந்தது: ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் இருந்த இருப்பை எழுதினால் எனக்கே வெட்கம். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்கு முட்டாக அரிசி மூட்டை, மூட்டைக்கு மேல் அம்மிக்கல். பாவாத்தாள் ஆட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் எல்லாவற்றையும் நகர்த்தினேன். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல்கூட வந்தது. ஒருத்தன் ஆயுள் முழுக்கச் சிறையில் உட்கார்ந்திருக்கிறான், இவள் ரசம் நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்கிறாள்.

மூன்றாம் நாள் காலை கதவைப் பிராண்டும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல கால்கள். மூக்கு உறிஞ்சும் ஓசை. நான் கட்டிலில் ஏறி நின்றேன்.

"வந்திருச்சு பாவாத்தா. நீ உள்ளே போயிரு."

அவள் அம்மிக்கல்லை இறக்கினாள். மூட்டையைத் தள்ளினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"அடியே, என்ன பண்றே!"

"பங்கு வந்திருக்குதுங்க. வாசல்ல வெச்சா எறும்பு ஏறும்."

கதவு திறந்தது. பெரியது உள்ளே வந்தது. வாயில் ஒரு காட்டாட்டுக் கால். நேராகக் கட்டிலுக்கு வந்து, என் பாதத்தை மோந்து, கறியை என் காலடியில் வைத்தது. நான் கண்ணை மூடியிருந்தேன். ரொம்ப நேரமாகியும் ஒன்றும் நடக்காததால் திறந்து பார்த்தேன். அது வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

பாவாத்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். "எறங்குங்க. கட்டில் முறிஞ்சிரும்."

"அப்ப அந்த ஊசி?"

"உப்புத் தண்ணிங்க."

"உப்புத் தண்ணியா?"

"இந்த மனுசன் ரெண்டு நாள்ல வந்து மாத்து ஊசி கேப்பாருன்னு டாக்டர்கிட்ட நாந்தான் சொல்லி வெச்சேன். நெசமான ஊசியப் போட்டுராதீங்க, உப்புத் தண்ணியப் போடுங்கன்னேன். அவரு அதெப்படிம்மா வேலை செய்யும்னாரு. உங்களுக்கு அதுக வாசம் தெரியும், எனக்கு இவரைத் தெரியும்னு சொன்னேன். தனக்குக் கஷ்டம்னா இவரு கேக்க மாட்டாரு. புள்ளைக்கு ஒண்ணுன்னா மனசார விட்ருவாரு. அந்தப் பங்கு வெக்கிற பேச்சும் நான் சொல்லிக் குடுத்ததுதான். டாக்டர் பாவம், சொல்றதுக்கு நாலு தரம் ஒத்திகை பாத்தாரு."

"நான் மனசு மாறாமப் போயிருந்தா?"

"மறுபடியும் கூட்டிட்டு வந்திருக்கும். வேற என்ன," என்றாள். அவள் குரல் லேசாக இடறியது. அப்போதுதான் அவளும் இந்த மூன்று நாளாக அழாமல் இருந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு மணி நேரம் அவளோடு பேசாமல் இருந்தேன். பிறகு பட்டியைத் திறந்துவிடப் போனேன். நாலாம் மடிப்புக்கு மேலே வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஆடுகள் தவிர யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கே எனக்கு அவள் ஞாபகம் பழையபடி வந்துவிட்டது. பங்காளிகள் எழுந்து விஞ்ச் வரைக்கும் ஓடின. அங்கே வாசம் அறுந்து, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தனவாம். திரும்பி வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டன. நான் பெரியதன் தலையைத் தடவி, "விடுங்க, போயிட்டா," என்றேன்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. வாரம் ஒரு முறை எங்கள் வாசலுக்குப் பங்கு வருகிறது. இன்னமும் மூன்று துண்டு. ஊரில் வேறு யார் போனாலும் அவர்கள் பங்கு அந்த வாரமே நின்றுவிடும். டீச்சரம்மாவுக்கு நின்றது, கொத்துக்காரர் மகனுக்கும் நின்றது. போன மாதத்திலிருந்து கொத்துக்காரர் வாசலில் ஒரு துண்டு கூடுதலாக விழுகிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை; மகனுக்கு மட்டும் எழுதிப் போட்டிருக்கிறார்.

செல்லாவின் பங்கைப் பாவாத்தாள் உப்புக்கண்டம் போட்டுக் கூரையில் காயவைத்து, மாதம் ஒருமுறை விஞ்சில் அனுப்புகிறாள். துறைமுகத்தில் ஏற்றி, சின்ன நிலாவுக்குப் போகும் கலத்தில் அது போய்ச் சேருகிறது. நேற்று அவளிடமிருந்து செய்தி வந்தது. நன்றாக இருக்கிறாளாம். தனியாகக் கலத்தைத் திருப்பினாளாம். கடைசியில் ஒரு வரி: 'கறியில உப்புக் கொஞ்சம் ஜாஸ்தீன்னு அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா.'

சொன்னேன்.

"அவங்கப்பனுக்கு உப்புத்தான் வேலை செஞ்சுதுன்னு எழுதுங்க," என்றாள் பாவாத்தாள், கூரையிலிருந்து இறங்காமலே.